வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை: முதல் பாஸ்போர்ட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

குழந்தை சிங்கப்பூரில் பிறக்கிறது. அம்மா மன்னார்குடிப் பெண், கையில் இந்திய பாஸ்போர்ட். அப்பா சிங்கப்பூர்க் குடிமகன். பிள்ளை இந்தியக் குடியா? "அம்மா இந்தியாதானே, தன்னால வந்துடும்" என்று டிராவல்ஸ் வாசலில் சொல்வார்கள். வராது. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும், பெற்றோர் இருவருமே இந்தியராக இருந்தாலும், குடியுரிமை தானாக வருவதில்லை. அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தால்தான் உண்டு. பதியும்போது, பிள்ளையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, எந்த பாஸ்போர்ட்டை முதலில் எடுக்கிறீர்கள் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. ஒரு பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்றால், யோசிக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

பிறந்த தேதியைப் பாருங்கள்

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுதான் இதற்கான விதி. அது பிள்ளை பிறந்த தேதியை வைத்து மூன்றாகப் பிரிகிறது.

1992 டிசம்பர் 10-க்கு முன் பிறந்திருந்தால், அப்பா இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அம்மா மட்டும் இந்தியர் என்றால் செல்லாது. 1985-ல் பினாங்கில் மலேசியக் கணவருக்குப் பிறந்த பிள்ளைக்கு, தாய் திருத்துறைப்பூண்டியில் பிறந்து இந்திய பாஸ்போர்ட்டைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தாலும், இந்தப் பிரிவில் குடியுரிமை கிடையாது. நியாயமில்லைதான். 1992-ல் திருத்தினார்கள், ஆனால் பின்தேதியிட்டுத் திருத்தவில்லை.

1992 டிசம்பர் 10-லிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, தாய் தந்தையரில் யாராவது ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். ஆனால் அந்த ஒருவரும் வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் மட்டுமே குடியுரிமை பெற்றவர் என்றால் தூதரகப் பதிவு தேவை.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு ஒருவர் இந்தியர் என்பதோடு தூதரகப் பதிவும் கட்டாயம். பிறந்த ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

பெற்றோரின் குடியுரிமையைப் பிள்ளை பிறந்த அன்றைய நிலையில்தான் பார்ப்பார்கள். கருவுற்றபோது இந்தியர், பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்னால் குடியுரிமை மாறிவிட்டது என்றால் இந்தப் பிரிவு உதவாது. 1998 டிசம்பரில் பெற்றோர் இருவரும் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று, 1999 மார்ச்சில் அங்கே பிறந்த ஒருவர், தான் அப்போது தாய் வயிற்றில் இருந்ததால் இந்தியக் குடியுரிமையை மீண்டும் பெறலாம் என்று வழக்காடினார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடியுரிமை விண்ணப்பம் போட்டிருக்கும் கணவன் மனைவி பிரசவ நாளையும் உறுதிமொழி எடுக்கும் நாளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பதிவு செய்யும் விதம்

இதற்கென்று உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளம் இருக்கிறது. அதில் படிவம் 1, அதாவது வெளிநாட்டில் பிறந்த மைனர் பிள்ளையின் பிறப்புப் பதிவு விண்ணப்பம். அதை நிரப்பி, அச்செடுத்து, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, பிறந்த இடம் எந்தத் தூதரக எல்லைக்குள் வருகிறதோ அங்கே கொடுக்க வேண்டும். கூடவே அந்த நாட்டு அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழ் (ஆஸ்பத்திரி கொடுக்கும் பிறப்பு அறிவிப்புச் சீட்டு இல்லை), பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ், வேறு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழி. எல்லாவற்றுக்கும் மூலமும் நகலும் கொண்டுபோங்கள். பல தூதரகங்களில் இந்தப் பதிவையும் பிள்ளையின் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்வார்கள். அப்படி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இந்தியப் பெற்றோரின் பாஸ்போர்ட் பிள்ளை பிறந்த நாளில் செல்லுபடியில் இருந்ததா என்று பாருங்கள். பிறகு புதுப்பித்திருந்தால், ரத்தான பழைய புத்தகத்தையும் எடுத்துப்போக வேண்டும். அன்றைய தேதியில் இந்தியர் என்பதற்கு அதுதான் சாட்சி.

வளைகுடாவில் பிறந்த பிள்ளைக்கு அந்த மண்ணால் குடியுரிமை இல்லை. அப்பா பட்டுக்கோட்டைக்காரர், அம்மா இலங்கைக்காரர், பிரசவம் துபாயில் என்றால் இந்தியா, இலங்கை என்று இரண்டே வழி. இரண்டுக்குமே பதிவு வேண்டும். அமீரகத்தில் பிறந்த 120 நாளுக்குள் பிள்ளைக்குத் தங்கும் விசா முடிக்க வேண்டும், அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். அதனால் அங்கே ஒரு வருடக் கெடுவைத் தவறவிடுபவர்கள் குறைவு. அவர்களை இழுத்தடிப்பது அட்டெஸ்டேஷன், அதாவது ஆவணம் உண்மையானது என்று முத்திரை வாங்கும் வேலை. அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரே முத்திரையில் வெளிநாட்டு ஆவணத்தை ஏற்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) இல்லாததால், தமிழ்நாட்டுத் திருமணச் சான்றிதழை அங்கே காட்ட மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரை மேல் முத்திரை வாங்க வேண்டும். ஏழாம் மாதத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

பெயர்தான் பெரிய தொல்லை

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம் சட்டமில்லை, இனிஷியல். நம் ஊரில் ஆர். செல்வம் என்பவர் பள்ளிச் சான்றிதழில் ஆர். செல்வம், பாஸ்போர்ட்டில் பெயர் செல்வம், குடும்பப் பெயர் ராமசாமி, திருமணச் சான்றிதழில் ரா. செல்வம், ஆதாரில் வெறும் செல்வம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கணினி பாஸ்போர்ட்டைப் பார்த்து அவரை "திரு. ராமசாமி" ஆக்கி, பிறந்த குழந்தைக்கும் ராமசாமியைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடும். தாத்தா பெயர் பேரனுக்கு வருவதில் சந்தோஷம்தான். ஆனால் பிறகு ஊரில் அப்பா பெயரை இனிஷியலாக வைத்துப் பள்ளியில் சேர்த்தால் மறுபடியும் முடிச்சு.

பிரசவத்துக்கு முன்பே தாய் தந்தை இருவரின் பாஸ்போர்ட்டிலும் பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, வருகை விசாவுக்கு வருவோர் மேல் அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. திருமணச் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். 'ழ'வை எந்த ஆங்கில எழுத்துகளால் எழுதினார்கள், 'செல்வி'யின் கடைசி எழுத்து 'ஐ'யா 'ஒய்'யா என்பதுவரை ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் கேட்பது முதல் வழி. "இரண்டு பெயரும் ஒருவரே" என்ற நோட்டரி உறுதிமொழி சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. அதை மட்டும் நம்பி விமானம் ஏறாதீர்கள். குழந்தையின் பெயரை ஆஸ்பத்திரியில் சொல்லும்போது வாயால் சொல்லாமல், துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

திருமணப் பதிவே இல்லாதவர்கள் இன்னும் நிறைய. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எந்த மதத்தினருக்கும் பொருந்தும். கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. கோயில் ரசீதும் மண்டப பில்லும் ஜமாஅத் தப்தரும் தேவாலயப் பதிவேடும் பதிவுக்கு ஆதாரமாகும். ஆனால் அவையே தூதரகத்தில் சான்றிதழ் ஆகாது. இந்துத் தம்பதி அந்தக் கெடுவைத் தவறவிட்டிருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பிறகும் பதியலாம்.

மலேசிய மாப்பிள்ளை என்றால் கூடுதல் கவனம்

கும்பகோணத்தில் தாலி கட்டி, பெண்ணை ஈப்போவுக்கு அழைத்துப்போய், "ரிஜிஸ்டர் அப்புறம்" என்று விடுவது ஆபத்து. மலேசியச் சட்டத்தில் வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டுப் பதிவில் ஏற்ற வேண்டும். அது இல்லாமல் பிள்ளை பிறந்தால் திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகக் கணக்கு. அப்படிப் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தாய் இந்தியர், ஆகவே பிள்ளை மலேசியர் இல்லை. இந்தியத் தூதரகத்தில் பதியாததால் இந்தியரும் இல்லை. இரண்டு நாட்டிலும் பெயரில்லாத பிள்ளை உருவாவது பெரும்பாலும் இந்த ஒரே வழியில்தான். இந்த நிலையில் சிக்கியிருந்தால், தகப்பன் வழியில் மலேசியா தரும் என்று வருடக்கணக்கில் காத்திராமல், ஒரு வயது முடியும் முன் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் படிவம் 1 கொடுத்துவிடுங்கள். திருமணம் முறையாகப் பதிவாகியிருந்தால் பிரச்சினையில்லை, மலேசியாவில் பிறந்த பிள்ளை மலேசியர்தான். பிறப்பை அங்கே 60 நாளுக்குள் பதிய வேண்டும்.

சிங்கப்பூரில் கெடு 42 நாள். 2022 மே 29-லிருந்து அங்கே பிறப்புச் சான்றிதழ் டிஜிட்டல் வடிவில்தான் வருகிறது. பிறந்த நேரத்தில் பிள்ளை சிங்கப்பூர்க் குடியா இல்லையா என்று அந்தச் சான்றிதழிலேயே போட்டிருக்கும். அந்த வரியை முதலில் படியுங்கள். "குடிமகன் இல்லை" என்று இருந்தால் (தாய் தந்தை இருவரும் வேலை அனுமதியிலோ நிரந்தரவாசியாகவோ இருக்கும்போது இப்படித்தான் வரும்) நேராக இந்திய ஹைகமிஷனில் பதியுங்கள். அப்பா அல்லது அம்மா சிங்கப்பூர்க் குடி என்றால் பிள்ளையும் சிங்கப்பூர்க் குடியாகவே பிறக்கிறது. அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அதன் குடிகள் அதன் பாஸ்போர்ட்டில்தான் போய்வர வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இந்தியப் பதிவு காகிதத்தில் முடியும் என்றாலும் நடைமுறையில் வாழ்க்கையைச் சிக்கலாக்கும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியாக இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை, குடியுரிமை அல்ல) எடுப்பதே புத்திசாலித்தனம். அமெரிக்கா இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை என்றாலும், அங்கே பிறந்த பிள்ளைக்கும் ஓசிஐதான் வசதி.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்

நம் பக்கத்து வழக்கப்படி ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தஞ்சாவூருக்கோ மயிலாடுதுறைக்கோ அழைத்து வந்து, பிரசவம் இங்கே நடந்தால் விதி தலைகீழாகிவிடும். இது 4-ஆம் பிரிவில் வராது, 3-ஆம் பிரிவில் வரும். 2004 டிசம்பர் 3 முதல் இந்திய மண்ணில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமலும் இருந்தால், பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை. தூதரகம் வேண்டாம், நகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் போதும். கெடு இப்போது மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. அப்பா சிங்கப்பூர்க்காரர் என்றால், வம்சாவளிக் குடியுரிமைக்காகப் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் சிங்கப்பூர் அரசிடம் பதிய வேண்டும். பதிந்து அந்த பாஸ்போர்ட் வந்துவிட்டால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் பீரோவில் வைத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்தில் ஒன்று, சிங்கப்பூரின் சாங்கியில் ஒன்று என்று காட்டுவது குற்றம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து, ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்ததாகச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகர்கள். குழந்தை இந்தியாவுக்குள் நுழைந்த விமானப் பதிவு ஒன்றே அதை உடைத்துவிடும், பிறகு வழக்கு பெற்றோர் மேல்தான் வரும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் நேர்மையான ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்து அங்கே தூதரகத்தில் பதியாத பிள்ளையுடன் பெற்றோர் நிரந்தரமாக ஊர் திரும்பினால், பிள்ளை வந்த 60 நாளுக்குள் இங்கே பிறப்பைப் பதியலாம். அதில் உண்மையான பிறந்த இடம்தான் இருக்கும். ஆனால் அது பிறப்புப் பதிவு மட்டுமே, குடியுரிமைப் பதிவு அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரு வருடக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

காரைக்கால் குடும்பங்கள்

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் உறுதியானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் டெல்டாவின் கிழக்கோரத்தில் இன்றும் இருக்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில், எங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக்காரராக இருந்தால் பிள்ளை பிரெஞ்சுக்காரர்தான். அப்பா சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வழிவந்த பிரெஞ்சுக் குடிகள்), அம்மா நாகூர்ப் பெண், குழந்தை காரைக்காலில் பிறந்தது என்றால் அது பிறப்பால் இந்தியக் குடியாகவும் பிரெஞ்சுக் குடியாகவும் இருக்கும். பிரான்சுக்கு அதில் ஆட்சேபம் இல்லை, இந்தியாவுக்கு உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் முதலில் பெற்றோரின் திருமணத்தையும் பிறகு பிள்ளையின் பிறப்பையும் அவர்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் வேலை நின்றுவிடும். அதே பிள்ளை பாரிசில் பிறந்திருந்தால், பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுக்காமல் ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் இந்தியக் குடியுரிமை.

ஒரு வருடம் தாண்டிவிட்டால்

அதே படிவம் 1-தான். தாமதத்துக்கான காரணக் கடிதத்துடன் தூதரகத்தில் கொடுத்தால் டெல்லிக்குப் போகும். முடிவு உள்துறை அமைச்சகத்தின் கையில் இருப்பதால் மாதக்கணக்கில் ஆகலாம். "தெரியாது" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். பிரசவச் சிக்கல், வேலை போனது, விசா நிலை, எதுவாக இருந்தாலும் தேதியோடும் காகிதத்தோடும் காட்டுங்கள். பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமையோ பாஸ்போர்ட்டோ இல்லை என்று அந்த நாட்டு அலுவலகமே எழுதிக் கொடுத்தால் அதையும் இணையுங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுத்துவிட்ட பிள்ளைக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. மிச்சமிருப்பது 5-ஆம் பிரிவு. விண்ணப்பம் கலெக்டர் வழியாகப் போகும். மைனர் பிள்ளைகளுக்கான 5(1)(ஈ) உட்பிரிவில் தாய் தந்தை இருவருமே இந்தியக் குடிகளாக இருப்பதை எதிர்பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால் 5(4), அதாவது சிறப்புச் சூழ்நிலை. மற்றப் பெற்றோர் இறந்துவிட்டார், கைவிட்டுப் போனார், பிள்ளை சிறு வயது முதல் இங்கே தாத்தா பாட்டியிடம் வளர்கிறது போன்ற காரணங்களை ஆவணத்தோடு வைக்க வேண்டும். அதுவரை பிள்ளையின் விசா காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசா முடிந்த நிலையில் கொடுத்த மனு அங்கேயே அடிபடும்.

ஓசிஐ எடுத்தால் நிலம் என்னாகும்

பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடியாக இருந்தால் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மைனர் பிள்ளைக்கு ஓசிஐ கிடைக்கும். கட்டணம் வெளிநாட்டில் 275 டாலர், இந்தியாவுக்குள் 15,000 ரூபாய். புகைப்படம் 51-க்கு 51 மில்லிமீட்டர் சதுரம். ஆயுள் முழுக்க வந்துபோகலாம், போலீஸ் பதிவு வேண்டாம். 20 வயது ஆகும்வரை பாஸ்போர்ட் மாற்றும்போதெல்லாம் புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். 20 வயதுக்குப் பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒருமுறை அட்டையையே மாற்ற வேண்டும்.

ஓட்டுரிமை இல்லை, அரசு வேலை இல்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். டெல்டா வீடுகளில் சண்டை வருவது நஞ்சையில். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. தாத்தா ஆசையாக நீடாமங்கலத்து ஒரு ஏக்கரைப் பேரன் பெயரில் தான செட்டில்மென்ட் எழுதினால் அந்நியச் செலாவணி விதிக்கு விரோதம். அதே நிலம் உயில் மூலமோ வாரிசுரிமையிலோ வந்தால் செல்லும். ஆகவே பத்திர எழுத்தரிடம் போகும் முன் பிள்ளையின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று அவரிடம் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார். மனை, வீடு, கடைக்கு இந்தத் தடை இல்லை.

மருத்துவப் படிப்பு அடுத்தது. 2021 மார்ச் 4 அறிவிப்புக்குப் பிறகு ஓசிஐ பெற்றவர்களுக்கு நீட் எழுதினாலும் என்ஆர்ஐ இடங்கள்தான். அதற்கு முன்பே ஓசிஐ வாங்கியிருந்தவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளையை இங்கேயே படிக்கவைக்கும் எண்ணமிருந்து, சட்டமும் இடம் கொடுத்தால், இந்தியப் பதிவுக்கே முயலுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு

தூதரகப் பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் பிள்ளையின் இந்திய பாஸ்போர்ட்டைத் தஞ்சாவூர் அல்லது திருச்சி பாஸ்போர்ட் சேவா மையத்தில் புதுப்பிக்கலாம். மைனருக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,000 ரூபாய். ஐந்து வருடம் அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரை செல்லும். பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் இணைப்பு டி வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்து சம்மதம் வாங்க முடியாவிட்டால் இணைப்பு சி. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் வெள்ளைப் பின்னணியில் 4.5-க்கு 3.5 செ.மீ. படத்தைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே எடுக்கமாட்டார்கள்.

பதிந்து இந்தியக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு வேறு நாட்டுக் குடியுரிமையும் பிறப்பால் இருந்தால், அது நிரந்தரமில்லை. 18 வயது முடிந்த ஆறு மாதத்துக்குள் மற்றதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், நோட்டீஸ் எதுவும் வராது. பிளஸ் டூ தேர்வும் கல்லூரிச் சேர்க்கையும் சேர்ந்து வரும் அதே மாதங்கள்தான் அவை. பிள்ளையின் பதினேழாவது பிறந்தநாளன்றே மற்ற நாட்டுத் தூதரகத்தில் துறப்புக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து வைத்துவிடுங்கள்.